மாதத்தின் இரண்டாம் வியாழன்

சிலோயேத் தீவுக்கூட்டத்தில்
கடிகாரத்தைவிடக் கடலுக்குத்தான் அவசரம்.
ஒரு மணிக்குள் கிளம்பாவிட்டால்
தண்ணீர் காலடியிலிருந்து நழுவிவிடும்,
இரவு வரை சேற்றில் உட்கார வேண்டியதுதான்.

எங்கள் படகில் ஒரு மருத்துவர், ஒரு பல் நாற்காலி,
நான், என் அட்டைப்பெட்டி.
இந்தத் தீவில் அறுபத்தெட்டுப் பேர்.
அறுபத்தெட்டு அட்டை.

மழை. இங்கே அதைச் செய்தியாக யாரும் சொல்வதில்லை.
பள்ளிக்கூடத்து விறகடுப்பைச் சுற்றி
ஈரக் கம்பளி வாடையோடு
தீவே உட்கார்ந்திருக்கிறது.

முதலில் குழந்தை. பிறந்து பதினோரு நாள்.
பெயரில் இன்னும் இரண்டு கட்சி.
எங்கள் தராசு போன மாதம் கடலுக்குள் போய்விட்டதால்
உருளைக்கிழங்கு நிறுக்கும் கொக்கியில்
துணியோடு தொங்கவிட்டோம்.
முள் ஆடி ஆடி நின்றது:
மூன்று கிலோ நானூறு.
‘துணியைக் கழிக்கணும்’ என்றான் அப்பன்,
காலம் பூராவும் சந்தையில் ஏமாந்தவன்.

அடுத்து எராஸ்மோ, எண்பத்தொன்று.
‘உப்பா? கண்ணால் பார்த்தே வருஷமாச்சு.’
புகையில் வாட்டிய மட்டிச் சரம்
கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.
நூற்றெண்பத்தைந்து என்று எழுதினேன்.
மருத்துவர் பேசாமல் கையை நீட்டினார்,
சரம் கைமாறியது.
(பிற்பாடு படகில் நாங்களே தின்றோம்,
தடயத்தை அழிக்கிற மாதிரி.)

பிறகு லிசார்தோ. பதினாறு.
‘என் சிநேகிதன் ஒருத்தன்
ராத்திரியில் தூங்குவதே இல்லை’ என்றான்
தன் செருப்பிடம்.
அந்தத் தீவில் பதினாறு வயதில்
வேறு பையனே கிடையாது.
‘எத்தனை நாளாய்த் தூங்கவில்லை,
உன் சிநேகிதன்?’ என்றார் மருத்துவர்.
நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

படகோட்டி ஒருமுறை ஊதினார்.
இரண்டாம் முறை ஊதினார்.
கதவு திறக்க நாற்பது நிமிடம்.
திறந்தபோது கடல் போயிருந்தது.

இனி என்ன செய்ய.
அட்டைகளை அடுக்கினேன்.
ஒர்ஃபெலினா சிகுவாய்.
ஒவ்வொரு வியாழனும் முதல் ஆளாய் வருகிறவள்;
மாமனார் எராஸ்மோவைக் கைப்பிடித்து,
புருஷனின் சர்க்கரை மாத்திரைக்காக,
மகளின் பல்வலிக்காக, பக்கத்து வீட்டுக்காரியின் சளிக்காக.
அவள் அட்டையில் ஒரே ஒரு வரி,
என் கையெழுத்துக்கூட இல்லை,
எனக்கு முன்னால் இருந்தவருடையது:
‘பிரசவம். தாய் நலம்.’
பத்தொன்பது வருஷமாய்
அந்த இரண்டு சொல்லின் மேல்
உட்கார்ந்திருந்தது ஒரு வீடு.

‘எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்.’
கோட்டைக் கழற்றச் சொன்னேன்.
வலது கையை மட்டும் உருவினாள்.
இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை.
எப்போதிலிருந்து?
யோசித்தாள்.
‘அந்தப் பெரிய காற்றடித்த வருஷம்.’
அது நாலு வருஷம்.

சேற்றில் ஒருக்களித்த படகுக்குள்
ஒருக்களித்த பல் நாற்காலியில் சாய்த்தோம்.
மேல் அழுத்தம் நூற்று அறுபத்திரண்டு.
கடைவாய்ப் பல் இரண்டு போச்சு.
தோளுக்குப் படம் எடுக்க காஸ்த்ரோ ஊருக்கு வரணும்,
இன்றைக்கே, எங்களோடு.
தூக்கம் எப்படி என்று கேட்டேன்.
அவள் பதில் சொல்லவில்லை;
தூங்கிப்போயிருந்தாள்.

புருஷன் சேற்றில் நடந்து வந்து
அடுப்பில் என்ன வைப்பது என்று கேட்டான்.
படியிலேயே நிறுத்தினேன்.
பின்னாலேயே வந்த எராஸ்மோ
‘நான் சமைக்கிறேன்’ என்றார்.
‘உப்பு எங்கே இருக்கிறதென்று
எனக்குத்தான் தெரியாதே.’

எட்டு மணிக்கு அடிப்பலகை லேசாய் அசைந்தது.
தண்ணீர் வந்துவிட்டது.
படகோட்டி ஊதக் கையை வைத்தார்.
இன்னும் கொஞ்சம் வரட்டும் என்றேன்.